ஒரு நாளின் பெறுமதி

(ரொறன்ரோவில் இடம்பெற்ற தமிழர் ஒன்றுகூடலொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மனிதனின் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் ஒரேயொரு நாளிலே தங்கியிருந்த வழக்கொன்று, 2013 ஆம் ஆண்டு மார்ச் 14 ஆம் திகதி கனடிய உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. ஃபாம் என்னும் பெயருடைய அம்மனிதர் அல்பேட்டா மாகாணத்திலே வாழ்ந்தவர். கனடியக் குடியுரிமை பெறாதவர். கஞ்சா பயிரிட்டமை, விற்கும் நோக்குடன் அதை வைத்திருந்தமை ஆகிய குற்றங்களுக்காக அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அத்தண்டனையை அரச தரப்புச் சட்டத்தரணியும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியும் இணைந்தே பரிந்துரைத்திருந்தனர். அன்றைய குடிவரவுச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற குடியுரிமையற்றவருக்கு நாடுகடத்தல் உத்தரவை எதிர்த்து மேன்முறையீடு செய்யும் உரிமை இல்லை என்பதைத் தண்டனை வழங்கிய நீதிபதியின் கவனத்திற்கு எவரும் கொண்டுவரவில்லை. பின்னர் அது தெரியவந்தபோது, தண்டனையை ஒரு நாளாற் குறைப்பதற்கு அரச தரப்பே இணங்கியது. ஆயினும் மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றமே ஈற்றில் அந்த ஒரு நாளைக் குறைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாள் குறைந்த தண்டனை. அந்த ஒரு நாளுக்குள்ளே அவருடைய மேன்முறையீட்டு உரிமை அடங்கியிருந்தது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நீதி வென்றது என்று மகிழலாம். ஆனால் மூன்று மாதங்கள் கழிந்த சில நாட்களில், 2013 யூன் 19 ஆம் திகதி, வெளிநாட்டுக் குற்றவாளிகளை விரைந்து வெளியேற்றும் சட்டம் என்ற பெயருடன் புதிய சட்டமொன்று நிறைவேறிற்று. இரண்டு ஆண்டு என்றிருந்த எல்லை ஆறு மாதமாகச் சுருங்கியது. நீதிமன்றம் ஒரு நாளை ஈந்தது. பாராளுமன்றம் ஒன்றரை ஆண்டைப் பறித்தது.

கஞ்சா இந்நாட்டிலே 2018 முதல் சட்டபூர்வமாகிவிட்டதே, இனி அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று அவையிலே சிலர் எண்ணக்கூடும். பேச நிறையவே இருக்கிறது. இந்நாட்டின் போதைவஸ்துச் சட்டம் பிறந்தபோதே குடிவந்தோரைக் குறியாகக் கொண்டு பிறந்தது. தடை நீக்கப்பட்டபோது, அதன் பயன் குடியுரிமை உள்ளோருக்கு முழுமையாகவும் மற்றோருக்கு அரைகுறையாகவுமே கிட்டியது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் மொன்றியலிலும் வாழும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இந்த அரைகுறைப் பகுதிக்குள்ளேயே வாழ்கின்றன. தாங்கள் அதற்குள் வாழ்கின்றோம் என்பதையே அவர்களிற் பலர் அறியார்.

சட்டம் பிறந்த கதையை முதலிற் பார்க்க வேண்டும்.

1907 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 7 ஆம் திகதி வன்கூவர் நகரில் ஆசியர்களை வெளியேற்றக் கோரும் இயக்கமொன்றின் ஊர்வலம் கலவரமாக மாறிற்று. சீனர்களினதும் யப்பானியர்களினதும் கடைகளும் வீடுகளும் அடித்து நொருக்கப்பட்டன. சேதங்களை மதிப்பிட்டு நட்டஈடு வழங்குவதற்காக ஒட்டாவாவிலிருந்து அனுப்பப்பட்டவர், அப்போது தொழில் அமைச்சின் துணையமைச்சராக இருந்த மக்கென்சி கிங். பிற்காலத்திலே நீண்டகாலம் பிரதமராக இருந்தவரும் அவரே. நட்டஈடு கோரி வந்தோருள் அபின் காய்ச்சி விற்ற சீன வணிகர்களும் இருந்தனர். அவ்வணிகம் அந்நாளிலே சட்டத்திற்கு உட்பட்டது. நகர நிருவாகங்கள் அதற்கு அனுமதிப்பத்திரம் வழங்கிப் பணமும் பெற்றன. வெள்ளையரும் அபின் புகைக்கின்றனர் என்பதே கிங் அவர்களைத் திடுக்கிட வைத்தது. அவர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1908 இல் அபின் சட்டம் வந்தது. கடைகளை உடைத்தவர்களை விசாரிக்கப் போன பயணம், கடைகளை இழந்தவர்களைக் குற்றவாளிகளாக்கும் சட்டத்தோடு திரும்பி வந்தது!

1922 இல் அச்சட்டத்திற்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம், குடியுரிமையற்றோர் போதைப்பொருட் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டால் அவர்களை நாடுகடத்தலாம் என்றது. அக்காலத்தில் இச்சட்டத்தின்கீழ்த் தண்டிக்கப்பட்டோரிற் பெரும்பான்மையினர் சீனர்கள். மறு ஆண்டு, அதாவது 1923 இல், சீனர் இந்நாட்டிற்குக் குடிவருவதையே ஏறத்தாழ முற்றாகத் தடுத்த சட்டமும் நிறைவேறியது. அதே 1923 ஆம் ஆண்டிலேதான் கஞ்சாவும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் அட்டவணையிலே ஏறியது. பாராளுமன்றத்திலே விவாதம் என்று சொல்லத்தக்க எதுவும் நடைபெறவில்லை. அட்டவணையிற் புதிய பொருளொன்று சேர்க்கப்படுகின்றது என்ற அளவிலே ஒரு குறிப்பு, அவ்வளவே. அன்று கனடாவிலே கஞ்சா புகைப்போர் இருந்தனரா என்பதே ஐயம். சட்டம் வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அதன்கீழ் முதல் வழக்குகள் தோன்றின. நோயாளி வருமுன்னரே எழுதப்பட்ட மருந்துச்சீட்டு என்று இதைச் சொல்லலாம்.

இத்தடைக்கு எமிலி மேர்பி என்பவரின் எழுத்தே காரணம் என்று பலர் எழுதியுள்ளனர். எட்மன்ரனில் நீதவானாக இருந்த அவர், 1922 இல் வெளியான ‘கறுப்பு மெழுகுதிரி’ என்ற நூலிலே கஞ்சாவுக்கென ஓர் அத்தியாயத்தை ஒதுக்கி, அதை அச்சமூட்டும் வகையில் விவரித்தார். நூல் முழுவதும் சீனர் மீதும் கறுப்பினத்தவர் மீதும் வெறுப்பு இழையோடுகின்றது. அந்நூல்தான் 1923 ஆம் ஆண்டுத் தடைக்கு நேர்க் காரணமா என்பதிலே வரலாற்றாய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால், பெண்களும் சட்டத்தின் முன் ‘ஆட்கள்’ என்று 1929 இல் நிலைநாட்டிய ஐவருள் அவரும் ஒருவர் என்பதும், அவருக்கு ஒட்டாவாவிற் சிலை உண்டு என்பதும் மறுக்கவியலாதவை. ஓர் அநீதிக்கு எதிராக விழித்திருந்த கண் மற்றோர் அநீதிக்கு மூடிக்கொண்டிருந்தது. மனிதர் அப்படித்தான்.

அட்டவணையில் எழுதப்பட்ட பெயரிலேயே இன்னொரு கதை இருக்கின்றது. ‘இந்தியச் சணல்’ என்ற பெயரும் அதிலே இருந்தது. அந்த இந்தியச் சணலைப் பற்றி, கனடா அதைத் தடைசெய்வதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, பிரித்தானியப் பேரரசு மிக விரிவான ஆய்வொன்றை நடத்தி முடித்திருந்தது. 1893 இல் அமைக்கப்பட்ட இந்தியச் சணற் போதைப்பொருள் ஆணைக்குழு, சென்னை மாகாணம் உட்பட இந்தியா முழுவதிலும் 1,193 பேரிடம் சாட்சியம் பெற்றது. மருத்துவர், வரி அதிகாரிகள், பயிரிடுவோர், பாதிரிமார், சாதுக்கள் எனப் பலதரப்பட்டோரும் அவர்களுள் அடங்குவர். கஞ்சாவினாற் பைத்தியம் பிடித்ததாகப் பதியப்பட்டிருந்த மனநோய் விடுதி நோயாளிகளின் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆணைக்குழு ஆராய்ந்தபோது, அப்பதிவுகளிற் பெரும்பாலானவை ஆதாரமற்றவை எனத் தெரியவந்தது. நோய்க்குக் காரணம் தெரியாதவிடத்துக் கஞ்சா என்று எழுதிவிடுவது அலுவலக வழக்கமாக இருந்திருக்கின்றது. மிதமான பாவனையினாற் பெருந்தீங்கு இல்லை. மிதமிஞ்சிய பாவனை தீங்கு செய்யும். முற்றான தடை தேவையற்றது. வரிவிதித்துக் கட்டுப்படுத்துதலே சிறந்தது என்று 1894 இல் ஆணைக்குழு கூறிற்று. பல தொகுதிகளாக வெளிவந்த அவ்வறிக்கை ஒட்டாவாவிலே எவர் மேசையிலும் விரிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

பின்னர் வந்த அறிக்கைகளின் கதியும் அதுவே. 1969 இல் சட்டத்துறைப் பேராசிரியர் ஜெரால்ட் லெ டெய்ன் தலைமையில் ஆணைக்குழுவொன்றைக் கனடிய அரசு நியமித்தது. அது நாடெங்கும் சென்று பல்கலைக்கழக மண்டபங்களிலும் தேநீர்க் கடைகளிலும் கருத்துக் கேட்டது. சாட்சியமளித்தோருள் பாடகர் ஜோன் லெனனும் ஒருவர். சொந்தப் பாவனைக்காகக் கஞ்சா வைத்திருப்பதைக் குற்றமாகக் கொள்ளலாகாது என்று 1972 இல் அதன் பெரும்பான்மை உறுப்பினர் பரிந்துரைத்தனர். உறுப்பினர்களுள் ஒருவரான மரி-ஆன்ட்ரே பெர்ட்ராண்ட், அரசே விற்பனையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று மேலும் ஒரு படி சென்றார். முப்பது ஆண்டு கழித்து, 2002 இல், பியர் குளோட் நோலின் தலைமையிலான செனற் குழு முழுமையான சட்டபூர்வமாக்கலையே பரிந்துரைத்தது. நோலின் பழமைவாதக் கட்சியைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் 2012 இல் அதே கட்சியின் ஆட்சி, விற்கும் நோக்குடன் ஆறு செடி வளர்த்தாலே குறைந்தபட்சம் ஆறு மாதச் சிறை என்று விதித்தது.

இவ்விடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். போதை தீயது, அதைத் தடுக்க அரசு சட்டம் இயற்றுவதில் என்ன தவறு? தமிழ்ப் பெற்றோர் பலரின் கேள்வி இதுவே. அதற்கு விடை காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. இதே ஒன்ராறியோ மாகாணம் 1916 முதல் 1927 வரை மதுவிற்பனையைத் தடைசெய்திருந்தது. குடித்தே தீர வேண்டியவர்கள் மருத்துவரின் சீட்டைப் பெற்று மருந்துக் கடையிலே வாங்கினர்; மருத்துவர் சிலருக்கு அதுவே பெருந்தொழிலாயிற்று. வின்சர் நகரிலிருந்து ஆற்றைக் கடந்து டெற்றோயிற்றுக்குப் படகுகளிலே சாராயம் போனது. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் வாகனங்களிற் போனது. 1927 இல் மாகாண அரசு தோல்வியை ஒப்புக்கொண்டு மதுக் கட்டுப்பாட்டுச் சபையை அமைத்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் அனுமதிப் புத்தகம். வாங்கியதெல்லாம் அதிலே பதியப்படும். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர் ஒன்ராறியோ அரசு கஞ்சா விற்க முன்வந்தபோது, அதற்கான நிறுவனம் அந்த மதுச்சபையின் கிளையாகவே முதலில் உருவாக்கப்பட்டது.

தடையின் இயல்பு ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். ஒளித்துக் கடத்துபவனுக்குப் பருமனே பகை. எனவே தடைக்காலத்திலே பியரைவிடக் கடுஞ்சாராயம் இலாபமாயிற்று. அபின் புகைத்தல் ஒடுக்கப்பட்ட நாடுகளிலே ஹெரோயின் தலையெடுத்தது. ஹெரோயினின் இடத்தை இன்று ஃபென்ரனில் பிடித்திருக்கின்றது. கடிதவுறைக்குள் அடங்கும் அளவு பல்லாயிரம் பேருக்குப் போதுமானது. 2016 முதல் இன்றுவரை கனடாவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வகை நஞ்சேறிய போதையால் மாண்டுள்ளனர். அவர்கள் வாங்கியது இன்னதென்று அவர்களுக்கே தெரியாது. விற்றவனுக்கும் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. தடை பொருளை ஒழிக்கவில்லை. பொருளின் மீது பெயர்ச்சீட்டு ஒட்டும் பொறுப்பை மட்டுமே ஒழித்தது.

2018 ஒக்ரோபர் 17 ஆம் திகதி நள்ளிரவு, நாட்டின் கிழக்கோரத்து நியூபவுண்ட்லாண்டில் முதலாவது சட்டபூர்வ விற்பனை நடைபெற்றது. உருகுவேயை அடுத்து நாடு தழுவிய அளவிலே கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய இரண்டாவது நாடு கனடா. வயது வந்தோர் பொதுவிடத்தில் 30 கிராம் உலர்ந்த கஞ்சா வரை வைத்திருக்கலாம். மத்திய சட்டப்படி ஒரு வீட்டிலே நான்கு செடி வளர்க்கலாம்; கியூபெக் அதை மறுத்தது, உச்ச நீதிமன்றமும் 2023 இல் அம்மறுப்பை ஏற்றது. ஒன்ராறியோவில் வயதெல்லை 19, கியூபெக்கில் 21.

வானம் இடிந்து விழவில்லை. 2023 ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பிலே, பாவிப்போருள் பத்தில் ஏழு பேருக்கு மேற்பட்டோர் சட்டபூர்வமான வழியிலேயே வாங்குவதாகக் கூறினர். எனினும் தீமைகளை மறைப்பது நேர்மையன்று. இனிப்புப் பண்டங்களின் உருவில் கஞ்சா விற்பனைக்கு வந்த பின்னர், அவற்றை அறியாது உண்ட சிறு குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுவது கூடியது. அத்தகைய இனிப்புக்களை அனுமதியாத கியூபெக்கில் அந்த உயர்வு குறைவாக இருந்தது. மூளை வளரும் பருவத்திலே நாளாந்தம் கடுமையான கஞ்சா புகைக்கும் இளையோருக்கு மனப்பிறழ்வு நோய் வரும் ஆபத்து மிகுதி என்பதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. எனவே தடையை எதிர்ப்பது வேறு, கஞ்சாவைப் பரிந்துரைப்பது வேறு. பெயர்ச்சீட்டு, அளவுக்கட்டுப்பாடு, பிள்ளைகள் திறக்கவியலாத பொதி, வயதெல்லை ஆகியன சட்டபூர்வமான கடையிலேதான் சாத்தியம். வீதியோரத்து வியாபாரி எவரிடமும் வயதுச் சான்றிதழ் கேட்டதில்லை.

தடைநீக்கத்தால் இலாபமடைந்தவர்கள் யார் என்பதும் கவனத்திற்குரியது. ரொறன்ரோவின் முன்னாள் காவற்றுறைத் தலைவர் ஜூலியன் ஃபன்ரீனோ, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதைக் கொலையைச் சட்டபூர்வமாக்குவதற்கு 2004 இல் ஒப்பிட்டவர். 2017 இல் அவரே கஞ்சா நிறுவனமொன்றின் தலைமைப் பொறுப்பிலே அமர்ந்தார். போர்வீரர்களின் நோவுக்கு மருந்தாகக் கண்டபின் தமது கருத்து மாறிற்று என்று விளக்கம் கூறினார். கருத்து மாறுவது குற்றமன்று. ஆனால் அவருடைய கருத்து மாறுவதற்கு முன்னர் விலங்கிடப்பட்டவர்களின் கதி என்ன? 2003 முதல் 2013 வரையான ரொறன்ரோ காவற்றுறைத் தரவுகளை ஆராய்ந்த ரொறன்ரோ ஸ்ரார் நாளேடு, முன் குற்றப்பதிவு ஏதுமற்ற கறுப்பினத்தவர், அதே நிலையிலுள்ள வெள்ளையரைவிட மூன்று மடங்கு கூடுதலாகச் சிறு அளவுக் கஞ்சாவுக்காகக் கைதுசெய்யப்பட்டதை 2017 இல் வெளிக்கொணர்ந்தது. பாவனையிலே இவ்விரு பிரிவினருக்கும் இடையில் அத்தகைய வேறுபாடு இல்லை. வேறுபாடு காவற்றுறை எந்தத் தெருக்களில் நின்றது என்பதிலேயே இருந்தது.

இனி, முதலிற் சொல்லப்பட்ட அரைகுறைப் பகுதிக்கு வருவோம்.

குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36 ஆவது பிரிவு ‘பாரதூரமான குற்றத்தன்மை’ பற்றிக் கூறுகின்றது. நிரந்தர வதிவுரிமை பெற்ற ஒருவர், பத்து ஆண்டோ அதற்கு மேலோ உச்சத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றமொன்றைச் செய்து தண்டிக்கப்பட்டால், அவர் இந்நாட்டில் இருக்கத் தகுதியற்றவராகலாம். அவருக்கு உண்மையில் விதிக்கப்பட்ட தண்டனை எவ்வளவு என்பது இங்கே கேள்வியில்லை. நீதிபதி அபராதத்தோடு விட்டிருக்கலாம். சட்டப் புத்தகத்திலே உள்ள உச்ச எண் பத்தா, பத்துக்கு மேலா என்பதே கேள்வி. 2018 ஆம் ஆண்டின் கஞ்சாச் சட்டத்தைத் திறந்து பார்த்தால் அந்த எண் 14 என்று எழுதப்பட்டிருக்கும். உரிமமின்றி விற்றால் 14. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குக் கொடுத்தால் 14. முப்பது கிராமுக்கு மேல் நண்பனுக்குக் கைமாற்றினால் 14. நான்கு செடிக்குப் பதிலாக ஐந்து செடி வளர்த்தால் 14. எல்லை கடந்து கொண்டுபோனாலோ கொண்டுவந்தாலோ 14. குடியுரிமை உள்ள இளைஞனுக்கு இவை பெரும்பாலும் அபராதத்தோடோ குறுகிய தண்டனையோடோ முடியும். அவனோடு ஒரே வகுப்பிலே படித்த, வதிவுரிமை மட்டுமே உள்ள இளைஞனுக்கு அதே தீர்ப்பு நாடுகடத்தலின் தொடக்கமாகலாம். ஒவ்வொருவரும் கட்டாயம் அனுப்பப்படுவார் என்பதில்லை. அதிகாரி அறிக்கை எழுதாமல் விடலாம், ஆறு மாதத்துக்குக் குறைந்த தண்டனையாயின் மேன்முறையீட்டுக்கும் இடமுண்டு. ஆனால் அந்த வாசலிலே கைகட்டி நிற்க வேண்டியவர் ஒருவர் மட்டுமே. அகதிக் கோரிக்கையாளராயின், கோரிக்கையே விசாரணைக்குத் தகுதியற்றதாகிவிடக்கூடும்.

கஞ்சா சட்டபூர்வமாகி ஏறத்தாழ இரண்டு மாதங்களில், 2018 டிசம்பர் 18 ஆம் திகதி, மதுவினாலோ போதையினாலோ நிதானமிழந்து வாகனம் செலுத்தும் குற்றத்திற்கான உச்சத் தண்டனை ஐந்து ஆண்டிலிருந்து பத்து ஆண்டாக உயர்த்தப்பட்டது. வீதிப் பாதுகாப்பு முக்கியம். அதில் இரு கருத்து இல்லை. ஆனால் ஐந்து பத்தான அந்தக் கணத்திலேயே அக்குற்றம் வதிவுரிமையாளருக்குப் ‘பாரதூரமான’ குற்றமாகவும் மாறிவிட்டது. இதை எத்தனை தமிழ் வாகன ஓட்டிகள் அறிவர்?

அதிகபட்ச எண்ணை வைத்து மனிதரை அளக்கும் இம்முறையின் அபாயத்தை 2017 ஆம் ஆண்டின் ட்ரான் வழக்கு காட்டியது. அவரும் வதிவுரிமையாளரே, கஞ்சாத் தோட்டமொன்றிலே பங்குகொண்டமைக்காகத் தண்டிக்கப்பட்டவர். அவர் குற்றம் செய்தபோது உச்சத் தண்டனை ஏழு ஆண்டு. தீர்ப்பு வருமுன்னர் சட்டம் மாறி அது பதினான்காயிற்று. அவருக்குக் கிடைத்ததோ வீட்டிலிருந்தே கழிக்கக்கூடிய பன்னிரண்டு மாத நிபந்தனைத் தண்டனை. அதையும் சிறைத்தண்டனையாகக் கணக்கிட்டு அவரை வெளியேற்ற அதிகாரிகள் முயன்றனர். குற்றம் நிகழ்ந்தபோது இருந்த எண்ணையே கொள்ள வேண்டும், நிபந்தனைத் தண்டனை சிறைவாசமாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ட்ரான் வென்றார். அடுத்த ஆண்டு வொங் தோற்றார். அவர் கொக்கெய்ன் வழக்கிலே குற்றத்தை ஒப்புக்கொண்டவர். ஒப்புக்கொண்டால் வதிவுரிமை போகும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. அது அறியாமற் செய்த ஒப்புதலே என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆயினும், அறிந்திருந்தால் வேறுவிதமாக நடந்திருப்பேன் என்பதை அவர் சத்தியக்கடதாசியில் உரியவாறு காட்டவில்லை என்று கூறி அவரது மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

இவ்வழக்குகளுக்கெல்லாம் அடித்தளமான தீர்ப்பும் ஒரு போதைப்பொருள் வழக்கிலிருந்தே பிறந்தது. பதினைந்தாவது வயதிலே இத்தாலியிலிருந்து வந்த கியறெல்லி என்ற இளைஞர் 1984 இல் தண்டிக்கப்பட்டார். விற்கும் நோக்குடன் போதைப்பொருள் வைத்திருந்தமை அவர்மீதான குற்றங்களுள் ஒன்று. குடியுரிமையற்றோருக்கு இந்நாட்டில் இருப்பதற்கு நிபந்தனையற்ற உரிமை கிடையாது என்று 1992 இல் உச்ச நீதிமன்றம் அவருடைய வழக்கிலேயே கூறிற்று. 1922 ஆம் ஆண்டின் திருத்தம் எழுபது ஆண்டுகளின் பின்னர் நீதிமன்றத்தின் குரலிலே மறுபடியும் ஒலித்தது எனலாம்.

தமிழருக்கு இது புதிய அனுபவமன்று. 2001 இல் ரொறன்ரோவில் இளைஞர் குழு வன்முறையை ஒடுக்குவதாகக் கூறித் தமிழ் இளைஞர் பலர் கைதாகியபோது, குற்றவியல் நீதிமன்றத்தைவிடக் குடிவரவுச் சட்டமே ஆயுதமாகப் பயன்பட்டது. அது கஞ்சா பற்றிய விடயமன்று. ஆனால் வழிமுறை அதுவே. குற்றத்திற்குத் தண்டனை ஒன்று, பிறந்த இடத்திற்குத் தண்டனை இன்னொன்று.

எல்லை தாண்டும்போது இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகின்றது. அமெரிக்க மத்திய சட்டம் கஞ்சாவை ஏற்காததால், முன்பு பாவித்ததாக எல்லையில் ஒப்புக்கொண்ட கனடியருக்கும் அனுமதி மறுக்கப்படலாம். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேற்பட்ட கஞ்சாவைக் கடத்தினால் மரணதண்டனை. 2023 ஏப்ரல் 26 ஆம் திகதி சாங்கிச் சிறையிலே தூக்கிலிடப்பட்ட தங்கராஜூ சுப்பையா ஒரு தமிழர். 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்தும் சதியில் உடந்தையாக இருந்தார் என்பதே அவர் மீதான குற்றச்சாட்டு. அக்கஞ்சா அவர் கைக்கு வந்ததேயில்லை. தொலைபேசி இலக்கங்களே அவரைத் தொடர்புபடுத்திய முக்கிய சான்றுகள். வாக்குமூலம் பெறப்பட்டபோது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வழங்கப்படவில்லை என்று அவர் கூறியதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே நாளிலே ஒன்ராறியோவின் கடைகள் வழமைபோற் காலையில் திறந்து, வரியோடு விலைச்சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன.

கஞ்சா என்ற சொல்லையே தமிழ் வீடுகள் கூச்சத்தோடுதான் உச்சரிக்கின்றன. அக்கூச்சத்திற்கு ஒரு விலை உண்டு. பிள்ளை அகப்பட்டால் உற்றார் அறியுமுன் வழக்கை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்திலே, குற்றத்தை ஒப்புக்கொள், அபராதத்தைக் கட்டு, வீட்டுக்கு வா என்று பெற்றோர் சொல்கின்றனர். ஒப்புதல் ஒரு கணத்தில் முடிகின்றது. குடிவரவுத் திணைக்களத்தின் கடிதம் மாதங்கள் கழித்து வருகின்றது. மூன்று வயதிலே கைக்குழந்தைபோல வந்த பிள்ளைக்குக் குடியுரிமை எடுப்பதை, கட்டணத்தை எண்ணியோ பெற்றோருக்கான மொழித் தேர்வை அஞ்சியோ, அல்லது வதிவுரிமையே போதுமென்று கருதியோ பிற்போட்ட குடும்பங்கள் உண்டு. அப்பிள்ளை தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும்; இலங்கையின் வீதியொன்றும் அதற்குத் தெரியாது. சட்டத்தின் கண்ணில் அது இன்னும் வந்திறங்கிய அன்றிருந்த அந்நியனே.

எனவே கோரிக்கைகள் இரண்டு. கஞ்சாச் சட்டத்தின்கீழான குற்றங்களை 36 ஆவது பிரிவின் ‘பாரதூரமான’ வகையிலிருந்து, குறைந்தபட்சம் உண்மையிற் சிறுதண்டனை பெற்றோருக்கேனும், நீக்க வேண்டும். பழைய குற்றப்பதிவுகளை விண்ணப்பமின்றி முற்றாக அழிக்க வேண்டும். இரண்டாவது கோரிக்கையை 2019 இல் பாராளுமன்றத்தில் எழுப்பியோர் தோற்றனர். அதற்குப் பதிலாக வந்த சட்டம், சிறு அளவுக் கஞ்சா வைத்திருந்தமைக்காக மட்டும் தண்டிக்கப்பட்டோர் கட்டணமோ காத்திருப்போ இன்றிப் பதிவு இடைநிறுத்தத்திற்கு விண்ணப்பிக்கலாம் என்றது. அத்தகைய பதிவுடையோர் இலட்சக்கணக்கில் இருந்தும், முதல் ஈராண்டுகளில் அதைப் பெற்றோர் சில நூறு பேரே.

அவையிலே அத்தகைய பதிவு கொண்ட வதிவுரிமையாளரோ அவரது உறவினரோ இருப்பின், இச்செய்தியை இன்றே கொண்டு செல்ல வேண்டும். பதிவு இடைநிறுத்தப்பட்ட குற்றத்தீர்ப்பைக் காரணமாகக் காட்டிக் குடிவரவுச் சட்டத்தின் 36 ஆவது பிரிவின்கீழ் ஒருவரைத் தகுதியற்றவராக்க முடியாது. விண்ணப்பத்திற்குக் கட்டணம் இல்லை. நீதிமன்றப் பதிவின் பிரதி, கைவிரலடையாளம், வாழ்ந்த ஊர்களின் காவற்றுறைச் சான்று ஆகியவற்றுக்கான செலவை மட்டும் விண்ணப்பதாரரே ஏற்க வேண்டும். படிவத்தை நிரப்ப ஒன்ராறியோவின் சமூகச் சட்ட உதவி நிலையங்களை நாடலாம். தமிழ் பேசும் உதவியாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.